வயதான நாய், கண் தெரியாத பூனை: தத்து எடுக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

சென்னையில் எங்கள் ஆதம்பாக்கத்திலிருந்து ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகம் அதிக தூரமில்லை. வேளச்சேரி மெயின் ரோட்டில் கிண்டியை நோக்கிப் போகும்போதே வந்துவிடும். 1959-ல் தியாகராய நகர் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். அதில் தொடங்கிய அமைப்பு இது, 1964-ல் முறைப்படி பதிவானது. அடையாறில் தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவகமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குத் தத்து எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குட்டி இருக்கா?" என்றுதான். எட்டு வயது நாயும், மூன்று கால் நாயும், பார்வை போன பூனையும் அதே இடத்தில் வருடக்கணக்காக இருக்கும்.

குட்டி வளர்ந்து எப்படி ஆகும் என்பது ஊகம். வளர்ந்த பிராணியிடம் ஊகத்துக்கு இடமில்லை. அதன் உயரம், குணம், பயம், நோய் எல்லாம் இன்றைக்கே கண்ணெதிரே இருக்கின்றன. ஆகவே இரக்கத்தில் அவசரப்படாமல், தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. உங்கள் வயதையும் கணக்கில் எடுங்கள். வீட்டில் வளரும் நாட்டு நாய் 12 முதல் 15 வருடம் வாழக்கூடியது. 65 வயதில் குட்டி வாங்குகிறவர் தன் எண்பதாவது வயது வரை அதை இழுத்துப் பிடித்து நடக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இருவர் மட்டும் என்று எத்தனையோ வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களுக்கு எட்டு, ஒன்பது வயது நாயைவிடப் பொருத்தமான துணை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். செருப்பைக் கடிக்காது, ராத்திரி முழுக்க அழாது, அவர்கள் நடக்கும் வேகத்திலேயே நடக்கும். அவர்களுக்கு ஏதாவது ஆனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே ஒருவரிடம் பேசி வைக்க வேண்டும்.

2. காலையில் போய் இரவு திரும்பும் குடும்பமா? வயதான பூனை சரிப்படும். இடுப்புக்குக் கீழே செயலிழந்த நாய் சரிப்படாது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். காப்பகத்தில் இருப்பவர்களும் உண்மையைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

3. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், அசோசியேஷன் தீர்மானம் போட்டு வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை விதிக்கவோ, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. (ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு 1962-ல் தொடங்கிய இந்த வாரியம் வெகுகாலம் சென்னையிலிருந்துதான் இயங்கியது.) மூட்டுவலி உள்ள நாய்க்கு லிஃப்ட் ஒரு சௌகரியம் அல்ல, தேவை. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் பக்கத்து வீட்டாரிடம் இதமாகப் பேசுவதுதான் நீடிக்கும். படிக்கட்டில் அசுத்தம் செய்தால் உடனே நாமே துடைத்துவிட வேண்டும்.

4. ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காப்பகத்தின் இரைச்சலில் மூலையில் சுருண்டு கிடக்கும் நாய், வெளியே கூட்டிவந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடும். வீட்டில் உள்ள எல்லோரும் போய்ப் பாருங்கள். படுத்த நிலையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறது, சாப்பாட்டுத் தட்டருகே கை கொண்டுபோனால் என்ன செய்கிறது, பூனைகளோடும் குழந்தைகளோடும் ஒத்துப்போகுமா என்பதையெல்லாம் தினமும் அதற்குச் சோறு வைக்கும் ஊழியரிடம் கேளுங்கள். அட்டையில் எழுதியிருப்பதைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

5. கண்ணில் நீலம் பாரித்திருந்தால் உடனே குருடு என்று நினைத்துவிட வேண்டாம். ஏழெட்டு வயதுக்கு மேல் நாய்களின் கண்மணி லேசான நீலச் சாம்பலாக மாறுவது இயல்பு. பார்வை பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெள்ளையாக மறைப்பதுதான் கண்புரை. இரண்டையும் டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியும். அதேபோல் காது நுனியில் சிறிய வெட்டு இருந்தால் காயம் என்று பதறாதீர்கள். கருத்தடை முடிந்த தெரு நாய்க்கு வைக்கும் அடையாளம் அது.

6. காப்பகத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட தேதி, மற்ற தடுப்பூசிகள், கருத்தடை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த நாள், உண்ணிக் காய்ச்சல் வந்ததா, இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும். "பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தால் உங்களிடம் கொண்டுவரலாமா?" என்பதையும் கேட்டுவிடுங்கள்.

7. வந்த முதல் வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஈரல், சிறுநீரகம், உண்ணிக் காய்ச்சல் மூன்றுக்கும் சேர்த்துப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வசாதாரணம். பல மாதம் உள்ளே பதுங்கியிருந்துவிட்டுப் பிறகு தலைகாட்டும். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடாமல் அடம் பிடிப்பதாக நாம் நினைக்கும் கிழட்டு நாய்க்குப் பெரும்பாலும் பல்வலியாகத்தான் இருக்கும். பக்கத்து டாக்டரால் முடியாத எக்ஸ்ரே, கண், எலும்புச் சிகிச்சைக்கு வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி. காலையிலேயே போய்விட வேண்டும், கூட்டம் அதிகம்.

8. மாநகராட்சி உரிமத்தை மறக்காதீர்கள். ஆதம்பாக்கம் இப்போது ஆலந்தூர் மண்டலத்தில் வருகிறது. 2025 இறுதியிலிருந்து சென்னையில் உரிமம், மைக்ரோசிப் இரண்டும் இல்லாமல் நாய் வளர்த்தால் 5000 ரூபாய் அபராதம். காப்பகத்திலேயே சிப் பொருத்தியிருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காது கேளாத, கண் தெரியாத பிராணி தொலைந்துபோனால் வீடு திரும்ப அந்தச் சிப்தான் பெரிய நம்பிக்கை.

9. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். காப்பகக்காரர்கள் சொல்லும் கணக்கு இது. முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்று நம்பும். வயதான பிராணிக்கு இன்னும் கூட ஆகலாம். முதல் வாரத்தில் உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம். ஒரு மூலையில் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போட்டு, "இது உன் இடம்" என்று விட்டுவிடுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானச் சத்தம் நமக்குப் பழகிவிட்டது. அதற்குப் புதிது. நடுங்கினால் தூக்கிக் கொஞ்சுவதைவிடப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதே போதும்.

10. தரைதான் முதல் எதிரி. நம் வீடுகளின் மொசைக்கும் வழவழ டைல்ஸும் மூட்டுவலி நாய்க்கும் மூன்று கால் நாய்க்கும் பெரிய தொல்லை. ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் அதன்பிறகு எழுந்திருக்கவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ஒரே பாதையாகக் கோணிப்பையையோ, தேங்காய் நார் மிதியடியையோ, பழைய யோகா விரிப்பையோ விரித்துவிடுங்கள். வீடு முழுக்கத் தேவையில்லை. நகத்தை வெட்டி, உள்ளங்கால் மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியைக் கத்தரித்தாலே பாதி வழுக்கல் குறையும். சாப்பாட்டுத் தட்டை ஒரு பலகை மேல் உயர்த்தி வைத்தால் கழுத்து வலிக்காது.

11. லிஃப்ட் இல்லாத வீட்டில் மாடி ஏற வேண்டுமா? நீளமான குளியல் துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடியுங்கள். பின்னங்கால்களின் பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆண் நாய் என்றால் சிறுநீர் கழிக்கும் இடம் அழுந்தாமல் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

12. எடை ஏறவிடாதீர்கள். மூன்று காலில் நிற்கும் நாய்க்கு ஒவ்வொரு கிலோவும் மீதிக் கால்களின் மேல் சுமை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான அளவு.

13. கண் தெரியாத பிராணிக்கு வீடு ஒரு வரைபடம். சில நாட்களிலேயே மூக்காலும் மீசையாலும் பாதத்தாலும் அதை மனப்பாடம் செய்துவிடும். அப்புறம் சோபாவை நகர்த்தாதீர்கள், நாற்காலியை வழியில் விடாதீர்கள். படி தொடங்கும் இடத்தில் மட்டும் நார் மிதியடி போட்டால் பாதம் பட்டதுமே நின்றுவிடும். தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். முக்கியமாக ஒன்று: நம் பகுதியின் பழைய தனிவீடுகளில் கிணறும் சம்ப்பும் உண்டு. லாரித் தண்ணீர் வரும் நாளில் சம்ப்பு மூடியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போவது வழக்கம். கண் தெரியாத பிராணி இருக்கும் வீட்டில் அது ஒரு நிமிடம்கூடக் கூடாது. மொட்டைமாடிக் கதவுக்கும் இதே எச்சரிக்கை.

14. காது கேளாத நாய்க்குக் கைச்சைகை போதும். பிறவியிலேயே காது கேளாமை வெள்ளை நிற நாய்களிடம் கூடுதலாகக் காணப்படும். நம் ராஜபாளையம் நாய்களிலும் அது உண்டு. உள்ளங்கையைக் காட்டினால் "உட்கார்", கையை உங்கள் பக்கம் இழுத்தால் "வா" என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். கான்கிரீட் தரையில் காலால் தட்டினால் அதிர்வு சரியாகப் போய்ச் சேராது. அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் திரும்பிப் பார்க்கும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயத்தில் கடித்துவிடலாம். மூக்கருகே கையை வைத்து வாசனை பிடிக்க விடுங்கள். வாசலுக்கு வெளியே செயின் இல்லாமல் ஒருபோதும் விடாதீர்கள், பின்னால் வரும் வண்டி அதற்குத் தெரியாது.

15. டிஸ்டெம்பர் வந்து பிழைத்த நாய்களைக் காப்பகங்களில் பார்க்கலாம். தலையோ ஒரு காலோ கடிகாரம்போல் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்கும். குட்டியில் வந்திருந்தால் பல்லில் எனாமல் போய்ப் பழுப்பாகியும் இருக்கும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று பயந்து ஒதுங்குகிறார்கள். அது பெரும்பாலும் நோய் போன பிறகு நரம்பில் தங்கிய அடையாளம்தான். அந்தத் துடிப்போடே ஓடும், சாப்பிடும், விளையாடும். தொற்று நீங்கிவிட்டதா என்பதை மட்டும் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும்.

16. பின்னங்கால் இரண்டும் போன நாயை எடுப்பது பெரிய பொறுப்பு. செய்ய முடியாததல்ல, ஆனால் நேரம் தவறாமல் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பல நாய்களுக்குச் சிறுநீர் தானாக வராது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அடிவயிற்றை அழுத்தி நாமே வெளியேற்ற வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. காப்பக ஊழியர் கையின் மேல் உங்கள் கையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள், தனியாகச் செய்ய வரும்வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். சிறுநீரில் நாற்றமோ ரத்தமோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டர். ஒரே பக்கம் படுத்தால் புண் வரும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டுக் கட்டலாம், நாள் முழுக்க அல்ல. சக்கர வண்டியில் முதலில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. அதிலேயே விட்டுவிட்டால் பட்டைகள் உராய்ந்து தோல் கிழியும்.

அதோடு, தினமும் உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். நம் வெயிலுக்கும் ஈக்கும் சின்னக் கீறலில்கூட ஒரே நாளில் புழு வைத்துவிடும். உணர்ச்சி இல்லாத காலில் வைத்தால் நாய்க்கே தெரியாது.

17. நம் சாப்பாட்டிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். சாம்பார் சாதத்தில் வெங்காயம், பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் உலர்திராட்சை, பிரியாணியில் வெந்த எலும்பு, மூன்றுமே ஆபத்து. காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதலில் கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். பல் இல்லாததற்குச் சோறும் வேகவைத்த கோழியும் மசித்து, இரண்டு வேளையாக. சிறுநீரகக் கோளாறு இருந்தால் உணவை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

18. மூட்டுவலிக்கு நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபூபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்களுக்கென்றே நல்ல வலி மருந்துகள் இருக்கின்றன. "வயசாச்சு, அப்படித்தான் நொண்டும்" என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

19. வயதான பூனைக்கு: மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும், மூட்டு வலிக்கும் பூனை உயரமான விளிம்பைத் தாண்டாமல் தட்டுக்கு வெளியிலேயே போய்விடும். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். பால்கனிக்கு வலை கட்டுங்கள். எஃப்ஐவி உள்ள பூனை என்று சொன்னால் பயப்பட வேண்டாம், அந்தக் கிருமி மனிதர்களுக்கு வராது. மற்ற பூனைகளோடு சண்டை போடாமல், வீட்டுக்குள்ளேயே இருந்தால் பல வருடம் நன்றாக வாழும்.

20. கத்திரி வெயிலில் நடை காலை ஆறரைக்கு முன், மாலை இருட்டிய பின். புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

21. ஐப்பசி பிறக்கும் முன்பே மழைக்குத் தயாராகுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று நமக்குத் தெரியும். ஓடவோ நீந்தவோ முடியாத பிராணியைக் கடைசி நேரத்தில் தூக்க முடியாது. தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் மாடி வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பத்து நாள் மாத்திரை, தடுப்பூசி அட்டை, கொஞ்சம் உலர் உணவு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பரண் மேல் வைத்துவிடுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை மழைக்கு முன் போட்டுவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் நடந்து வந்தால் காலைக் கழுவித் துடைக்க வேண்டும். தீபாவளிக்கும் இதே மாதங்கள்தான். பயந்த நாய்க்கு ஜன்னல் இல்லாத உள்ளறை, ஓடும் மின்விசிறி, முன்கூட்டியே டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து.

22. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் கூரியர்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "இதுக்குக் கண்ணு தெரியாது, குரல் கொடுத்துட்டு வாங்க" என்றால் போதும்.

23. "குட்டியா கிடைக்கலையா மாமி? இதைப் போய் எடுத்துட்டு வந்திருக்கீங்களே" என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். வாக்கிங் போகும்போது அவர்களே வந்து தலையைத் தடவும் நாள் வரும். ஒரு தெருவில் ஒரு மூன்று கால் நாய் நன்றாக வாழ்வதைப் பார்த்தவர்கள் அடுத்தமுறை அடிபட்ட நாயைப் பார்த்தால் கடந்து போக மாட்டார்கள்.

24. சரிப்படவில்லை என்றால் தெருவில் விடாதீர்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியில் தவிக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது குற்றம். வீட்டில் பழகிய முதிய நாய் தெருவில் சில நாட்கள்கூடத் தாங்காது. எடுத்த இடத்திலேயே திரும்ப ஒப்படையுங்கள். அதில் அவமானம் ஏதும் இல்லை.

25. முடிவைப் பற்றியும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதற்குப் பிடித்த மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சாப்பாடு, வாசலில் உட்காருவது, உங்களைக் கண்டால் வாலாட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்றில் இரண்டு நின்றுபோய், வலியும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். இரண்டு வருடம்தான் இருந்தது என்பதற்காக அந்த இரண்டு வருடம் குறைந்துபோய்விடாது. அடக்கத்துக்கு என்ன வசதி இருக்கிறது என்பதைக் காப்பகத்தில் முன்னதாகவே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள், அந்த நேரத்தில் தேட மனம் வராது.

26. தத்து எடுக்க முடியாதவர்கள் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்குச் சில வாரம் அமைதியான வீடு கிடைத்தால் சீக்கிரம் தேறும். ஒரு வயதான பிராணியின் மாத மருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். பழைய பெட்ஷீட், துண்டு, செய்தித்தாள்கூடக் காப்பகத்துக்குத் தேவைப்படும். போகும் முன் போன் செய்து, இப்போது எது தேவை என்று கேட்டுக்கொண்டு போங்கள்.